ஆட்டுக்கால் சட்டியும் பிஷாவின் 21 திசுக்களும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், ‘திசு’ என்ற கருத்தை மருத்துவத்தில் நிலைநிறுத்திய பிரெஞ்சு உடற்கூறியலாளர் பிஷாவைப் பற்றி எட்டு வரிக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் எழுதிய வாசகர்களின் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் கல்லூரியில் ‘பிச்சாட்’ என்கிறார்கள், நீங்கள் ‘பிஷா’ என்று எழுதுகிறீர்கள். எது சரி? அவர் வாழ்க்கையையும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
(மாணவர், திருமங்கலம்)

பிஷா என்பதே சரி. பிரெஞ்சுப் பெயர்களின் கடைசியில் வரும் ‘ட்’ பெரும்பாலும் ஒலிப்பதில்லை. முழுப் பெயர் மரி பிரான்சுவா க்ஸாவியே பிஷா. 1771 நவம்பர் 14 அன்று கிழக்கு பிரான்சில், ஜுரா மலைப்பக்கத்துத் துவாரெத் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருத்துவர். லியோன் நகர மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பழகிக்கொண்டிருந்தபோது, 1793இல் புரட்சி அரசின் படை அந்த நகரை முற்றுகையிட்டது. படிப்பைத் தொடரப் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

பாரிஸில் ஓத்தெல் தியூ மருத்துவமனையில் தெஸோ என்ற அறுவை மருத்துவர் பாடம் நடத்தி வந்தார். முதல் நாள் பாடத்தை மறுநாள் ஒரு மாணவர் சுருக்கிச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒருநாள் சொல்ல வேண்டியவர் வரவில்லை. யாருக்கும் அறிமுகமில்லாத பிஷா எழுந்து, காறை எலும்பு முறிவு பற்றிய பாடத்தை ஒன்று விடாமல் சொன்னார். அதன் பிறகு தெஸோ அவரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். 1795 ஜூனில் தெஸோ இறந்தபோது பிஷாவுக்கு 23 வயது. ஆசிரியரின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டதும் அவர்தான்.

1797இல் சொந்தமாக உடற்கூறு வகுப்பு தொடங்கினார். பேர் சொல்லும் நூல்கள் எல்லாம் அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வந்தவை. 1800இல் சவ்வுகளைப் பற்றிய நூலும், வாழ்வும் சாவும் பற்றிய ஆய்வு நூலும் வெளிவந்தன. 1801இல் ‘பொது உடற்கூறியல்’ நான்கு தொகுதிகளாக வந்தது. ஒரே குளிர்காலத்தில் 600க்கு மேற்பட்ட சடலங்களைத் திறந்து பார்த்தார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் எடுத்துச் சொல்லும் செய்தி. குளிர்காலம் என்பதைக் கவனியுங்கள். ஃபார்மலின் இல்லாத காலம் அது. பாரிஸின் குளிர் மட்டுமே அழுகலைத் தள்ளிப்போட்டது. அதனால் உடற்கூறு வகுப்புகளும் குளிர்காலத்தில்தான் நடந்தன.

1802 ஜூலை 8 அன்று ஓத்தெல் தியூ படிக்கட்டில் விழுந்தார். காய்ச்சல் கண்டு 14 நாளில், ஜூலை 22 அன்று இறந்தார். வயது 30 ஆண்டு 8 மாதம். அவர் எழுதிக்கொண்டிருந்த ‘விளக்க உடற்கூறியல்’ நூலின் ஐந்து தொகுதிகளில் எஞ்சியதை மாணவர்கள்தான் முடித்தார்கள். நெப்போலியனின் மருத்துவர் கொர்விசார், ‘இதுவும் ஒரு போர்க்களம்தான், பலரைப் பலி வாங்கிய களம், இவ்வளவு குறைந்த காலத்தில் இவ்வளவு வேலையை இவ்வளவு நன்றாகச் செய்தவர் வேறு யாருமில்லை’ என்ற பொருள்பட நெப்போலியனுக்குக் கடிதம் எழுதினார். ஈஃபெல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் பிஷாவுடையதும் ஒன்று.

நுண்ணோக்கியே தொடாமல் ஒருவர் 21 வகைத் திசுக்களைப் பிரித்தார் என்பது நம்ப முடியாததாக இருக்கிறது. எதை வைத்துப் பிரித்தார்?
(செவிலியர் பயிற்சி மாணவி, திருப்பரங்குன்றம்)

கண், விரல், நெருப்பு, தண்ணீர், அமிலம், காலம். இவ்வளவுதான் கருவிகள். ஒரே பொருளை உலர்த்திப் பார்ப்பார், வேகவைப்பார், தண்ணீரில் ஊறவிட்டு அழுகும் வரிசையைக் குறிப்பார், அமிலத்திலும் காரத்திலும் சாராயத்திலும் போடுவார். இழுத்தால் எவ்வளவு நீள்கிறது, எப்போது கிழிகிறது என்று பார்ப்பார். இத்தனை சோதனையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்பவை, உடலில் எங்கே இருந்தாலும், ஒரே திசு. இதுதான் அவர் வைத்த அளவுகோல்.

நுண்ணோக்கியை அவர் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து வில்லைகளில் ஒவ்வொரு விளிம்பிலும் வண்ணப் பிசிறு தெரியும். எல்லாமே உருண்டை உருண்டையாகத் தோன்றும். இருட்டில் பார்ப்பவர்கள் ஆளுக்கொன்றைப் பார்க்கிறார்கள் என்று அவர் எழுதினார். வண்ணப் பிசிறு நீக்கிய நல்ல வில்லைகள் 1830ஐ ஒட்டித்தான் வந்தன. ஆகவே அன்றைய நிலையில் அவர் முடிவு நியாயமானது என்றே கருதுகிறோம். ஆனால் அதற்கு விலையும் உண்டு. செல் என்ற அடுக்கு அவர் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை. 1839இல் ஷ்வான் என்ற ஜெர்மன் ஆய்வாளர் விலங்கு உடல் முழுதும் செல்களால் ஆனது என்று சொன்னபோதுதான் அந்த இடம் நிரம்பியது.

21இல் எலும்பு, எலும்பு மஜ்ஜை, குருத்தெலும்பு, நார், நார்க்குருத்து, தமனி, சிரை, சளிச்சவ்வு, நீர்ச்சவ்வு, மூட்டுச்சவ்வு, சுரப்பி, தோல், மேல்தோல், ரோமம் ஆகியவை உண்டு. தசையை இரண்டாகவும் நரம்பை இரண்டாகவும் பிரித்தார்: நம் விருப்பத்துக்கு அசைவது ஒன்று, தன்போக்கில் இயங்குவது இன்னொன்று. கைத்தசைக்கும் குடல்தசைக்கும் உள்ள வேறுபாடாக இன்று நீங்கள் படிப்பது இதுதான். இன்றைய பாடத்தில் புறத்திசு, இணைப்புத்திசு, தசை, நரம்பு என நான்கே பெரும்பிரிவு. அவருடைய எலும்பு, குருத்து, நார் எல்லாம் இணைப்புத்திசுவுக்குள் அடங்கிவிட்டன.

பட்டியலைவிடப் பெரியது அதன் பயன். அவருக்கு முன்னால் நோயை உறுப்பின் பெயரால் சொன்னார்கள்: நுரையீரல் நோய், வயிற்று நோய். 1798இல் பினெல் என்ற மருத்துவர் வீக்க நோய்களைச் சவ்வின் வகைப்படி அடுக்கியிருந்தார். பிஷா அதற்கு உடற்கூற்றில் ஆதாரம் தேடினார். நுரையீரலைப் போர்த்தும் சவ்வும், இதயத்தைப் போர்த்தும் சவ்வும், குடலைப் போர்த்தும் சவ்வும் இடத்தால் வேறு, பொருளால் ஒன்று. ஆகவே அவை புண்படும் விதமும் ஒன்று: நீர் கோக்கும், சீழ் படியும், பக்கத்துச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். வார்டில் நுரையீரல் உறையில் நீர் எடுப்பதையும் வயிற்றில் நீர் எடுப்பதையும் நீங்கள் பார்ப்பீர்கள். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்கால் பாயா நாலு மணி நேரம் கொதித்தால் நரம்பெல்லாம் கரைந்துவிடுகிறது. ஆனால் கழுத்துக்கறியில் வரும் மஞ்சள் நரம்பு எத்தனை விசில் விட்டாலும் ரப்பர் மாதிரியே இருக்கிறது. இதற்கும் திசுவுக்கும் சம்பந்தம் உண்டா?
(இல்லத்தரசி, மேலூர்)

நேரடிச் சம்பந்தம். நீங்கள் செய்வது பிஷாவின் வேகவைப்புச் சோதனையேதான்.

முதலில் ஒன்று: கறிக்கடையில் ‘நரம்பு’ என்று சொல்வது பெரும்பாலும் நரம்பு அல்ல. தசையை எலும்போடு கட்டும் நாண். ஆட்டின் கால் பகுதியில் சதை அநேகமாக இல்லை. மேலேயுள்ள தசைகளின் நாண்கள் குளம்பு வரை நீண்டு வருகின்றன. நாண் முழுக்க கொலாஜன் என்ற புரதக் கயிறு. சுமார் 60 முதல் 65 டிகிரி வெப்பத்தில் அது சடாரென்று சுருங்கித் தடித்துக் கெட்டியாகிறது. பிஷா இதைக் கவனித்து, ‘கொம்பு போல் இறுகுதல்’ என்ற பொருளில் பெயரிட்டார். பாயா வைத்த முதல் அரைமணியில் கால் முன்பைவிட விறைப்பாக இருப்பது இதனால்தான். அப்போது ‘இது வேகாத கால்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தொடர்ந்து கொதிக்கும்போது கயிற்றின் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகத் தண்ணீரில் இறங்குகிறது. ஆறியபின் பாயா கட்டியாக உறைவது அதன் அடையாளம். தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்தால் கரைவது விரைவுபடும். கிடாய் முற்றலாக இருந்தால் தாமதமாகும். வயது ஏற ஏறக் கொலாஜன் கயிறுகளுக்கிடையே குறுக்குக் கட்டுகள் கூடிவிடுவதே காரணம்.

கழுத்தின் மஞ்சள் பட்டை வேறு சாதி. அது பிடரித் தசைநார். மண்டையிலிருந்து முதுகுவரை ஓடி, ஆடு குனிந்து மேயும்போது நீண்டு, நிமிரும்போது ரப்பர் போலத் தலையைத் தூக்கிக் கொடுக்கிறது. அதில் மிகுதியாக இருப்பது எலாஸ்டின் என்ற, நீண்டு சுருங்கும் புரதம். ஆய்வகத்தில் எலாஸ்டினைத் தனியாக எடுக்க வேண்டுமென்றால், திசுவை அழுத்தக் கொப்பரையில் திரும்பத் திரும்ப வேகவைத்து மற்றதையெல்லாம் கரைத்துவிடுவார்கள். எலாஸ்டின் மட்டும் மிஞ்சும். குக்கர் விசில் அதைத் தொடாது. சமைக்கும் முன்பே கத்தி நுனியால் இருபுறமும் கீறி, ஒரே இழுப்பில் உருவி எடுத்துவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு பிஷாவின் சோதனைகளைச் செய்து காட்ட விரும்புகிறேன். பள்ளியில் நுண்ணோக்கி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பழுது. என்னென்ன வாங்க வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும்?
(அறிவியல் ஆசிரியை, உசிலம்பட்டி)

மூன்று சோதனைகள் போதும். கறிக்கடையில் முதல்நாளே சொல்லி வையுங்கள். காலையில் அறுத்த ஆட்டில் வேண்டியவை: ஒரு முன்னங்கால், கழுத்து மஞ்சள் பட்டை ஒரு துண்டு, தொடைக்கறி 50 கிராம், மூச்சுக்குழாய் ஒரு விரல் நீளம், பையோடும் மேலே குழாயோடும் சேர்ந்த இதயம், நெஞ்செலும்பு ஒரு துண்டு, சுத்தம் செய்யாத சிறுகுடல் ஒரு முழம். ‘சுத்தம் செய்யாத’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். கடையில் தரும் போட்டி பெரும்பாலும் வெந்நீரில் அலசிச் சுரண்டியது. உள்சவ்வு போயிருக்கும், மற்றது பாதி வெந்திருக்கும், அடுக்குப் பிரியாது. இதயத்தையும் வழக்கம்போல் பையைக் கிழித்துப் போட்டுவிட்டு, குழாயை ஒட்ட நறுக்கித்தான் தருவார்கள். அப்படியே வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

முதலில் பார்த்தல். இதயப்பையை ஒரு கீறலில் திறந்து விரலை உள்ளே விடச் சொல்லுங்கள். வழுக்கும். குடலின் வெளிப்புறத்தைத் தடவட்டும். நெஞ்செலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை நகத்தால் உரிக்கட்டும். மூன்றையும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மூன்றிலும் ஒரே மினுமினுப்பு, ஒரே வழுவழுப்பு. சவ்வு நூலின் மையக் கருத்தைப் பிள்ளைகள் விரலாலேயே தொட்டுவிட்டார்கள். இதற்கு மேல் விளக்கம் குறைவாக இருப்பது நல்லது. மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் ஈரம் உலர்ந்து மினுமினுப்புப் போய்விடும். ஒரு கிண்ணத்தில் உப்புநீர் (1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு) வைத்து நனைத்துக்கொண்டே இருங்கள்.

குடல் அடுக்குகளைப் பிரிக்க, குடலைத் தண்ணீரில் அலசி, 10 சென்டிமீட்டர் துண்டை ஒரு சோதனைக் குழாயின் மேல் காலுறை போல மாட்டுங்கள். பிளேடால் மிக லேசாக நீளவாக்கில் ஒரு கீறல். வெளிச்சவ்வும் தசையும் சேர்ந்து உரிந்து வரும். கீழே வெள்ளையாக, மெல்லியதாக ஒரு குழாய் நிற்கும். அதைக் கிழிக்கச் சொல்லுங்கள். இவ்வளவு மெல்லியது இவ்வளவு வலுவா என்று ஆச்சரியப்படுவார்கள். அறுவைத் தையலுக்குப் பயன்பட்ட ‘கேட்கட்’ நூல் ஆட்டுக்குடலின் இந்த அடுக்கிலிருந்து செய்ததுதான். அதைத் திருப்பிப்போட்டுக் கத்தியின் பின்புறத்தால் சுரண்டினால் வெல்வெட் போன்ற சளிச்சவ்வு குழைந்து வரும். கீறல் ஆழமானால் எல்லா அடுக்கும் ஒன்றாக வெட்டுப்பட்டுவிடும். இரண்டு துண்டு உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வேகவைத்தல். காலின் பின்புறத்து நாண், மஞ்சள் பட்டை, தொடைக்கறி, இதயத்தின் மேலிருந்து வரும் பெரிய குழாய், மூச்சுக்குழாய் என ஐந்திலும் 5 சென்டிமீட்டர் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பருத்தி நூல் கட்டி, நூலின் மறுமுனையில் ஒன்று முதல் ஐந்து வரை முடிச்சுப் போட்டு, நூல் பாத்திரத்துக்கு வெளியே தொங்கட்டும். இறுக்கிக் கட்டினால் நாண் இளகும்போது நூல் அறுத்துக்கொண்டு துண்டு உள்ளே விழுந்துவிடும். தளர்வான சுருக்கு போதும். 2 லிட்டர் தண்ணீர் கொதிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் சுருங்கும் கணம் கண்ணில் படாது. மூடி போடாமல் மெல்லக் கொதிக்கட்டும், வற்ற வற்றக் கொதிநீர் ஊற்றுங்கள். குக்கர் வேண்டாம். இடையில் பார்க்க முடியாது.

1 நிமிடம், 10 நிமிடம், 30 நிமிடம், 1 மணி, 3 மணி என வெளியே எடுத்து அளவுகோலில் நீளம் அளந்து, விரலால் இழுத்துப் பார்த்து எழுதட்டும். நாண் முதல் நிமிடத்திலேயே பாதிக்கும் கீழே சுருங்கிச் சுருளும். மூன்றாவது மணியில் கண்ணாடி போலாகிக் குழையும். முற்றிய ஆடென்றால் இன்னும் ஒரு மணி. மஞ்சள் பட்டை கடைசிவரை இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். கறி முதலில் இறுகி, பிறகு நார் நாராகப் பிரியும். தசையின் இழைகள் கரைவதில்லை, அவற்றைக் கட்டியிருந்த சவ்வு கரைகிறது, அவ்வளவுதான். பெரிய குழாய் தடிக்கும், ஆனால் குழாயாகவே நிற்கும். மூச்சுக்குழாயில் வளையங்களுக்கு இடைப்பட்டது இளகி, வளையங்கள் தனித்தனியாகக் கழன்று வரும். ஐந்தும் ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு, ஒரே நேரம். விடை மட்டும் ஐந்து விதம். இதைக் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதினால் அந்த வகுப்பு முடிந்தது.

மூன்றாவது, அமிலம். இதற்குக் கோழிக்கால் எலும்பு போதும், ஆட்டெலும்பு தடிமன். சதையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, 200 மில்லி வினிகரில் மூழ்க வையுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை வினிகரை மாற்ற வேண்டும். ஐந்து முதல் ஏழு நாளில் எலும்பு ரப்பர் போல வளையும். வளையவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: வினிகர் மாற்றவில்லை, சதை ஒட்டியிருந்தது, அல்லது பாத்திரம் சிறியது. இன்னொரு எலும்பை ஆசிரியர் திறந்த வெளியில் கரிநெருப்பில் வெள்ளையாகும்வரை சுடட்டும். வடிவம் மாறாது, விரலால் அழுத்தினால் நொறுங்கும். அமிலம் எலும்பிலுள்ள சுண்ணாம்பு உப்பை எடுத்துக்கொண்டு நாரை விட்டது. நெருப்பு நாரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டது.

ஊறவைத்து அழுகவிடும் சோதனையை நம் ஊர் வெயிலில் செய்யவே கூடாது. பாரிஸின் குளிரில் வாரக்கணக்கில் நடந்த மாற்றம் சித்திரை மாதத்து உசிலம்பட்டியில் ஒரே இரவில் நடந்துவிடும். நாற்றமும் கிருமியும்தான் மிச்சம். அதற்குப் பதில் உலர்த்துங்கள். ஒரு நாண் துண்டை வலைத்துணிக்குள் நிழலில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் கொம்புபோல் கெட்டியாகி மஞ்சளாக ஒளி ஊடுருவும். ஓர் இரவு தண்ணீரில் போட்டால் பழையபடி வெளுத்து இளகும். உப்புக்கண்டம் போடும் பழக்கத்தில் உப்புத் தடவிவிடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நாண் கண்ணாடித்தன்மை அடையாது.

பாதுகாப்பு: எல்லோருக்கும் கையுறை. கையில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் பார்த்தால் போதும். பிளேடு ஆசிரியர் கையில் மட்டும். வேகவைத்ததை யாரும் சாப்பிடக் கூடாது. கழிவை ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள். மேசையை 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் துடையுங்கள். அந்தக் கரைசல் வினிகர் பாத்திரத்தில் ஒரு துளிகூட விழக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். வினிகரைக் கொட்டிக் கழுவிவிட்டு, பிறகு ப்ளீச்சிங்கை எடுங்கள்.

அசைவம் தொடாத வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு நேரத்தைக் குறிக்கும் வேலை, கட்டம் எழுதும் வேலை கொடுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

‘திசு’ என்ற சொல்லே துணியிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?
(கைத்தறி நெசவாளர், செல்லூர்)

உண்மை. பிரெஞ்சில் ‘திஸ்யூ’ என்றால் நெய்தது, துணி. பிஷாவுக்கு முன்பும் உடலைப் பற்றி எழுதியவர்கள் இந்தச் சொல்லை அங்கங்கே கையாண்டார்கள். அதற்கு உறுதியான பொருள் கொடுத்தவர் அவர். நாம் ஒலியை மட்டும் கடன் வாங்கித் ‘திசு’ என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் ‘இழையம்’ என்று எழுதுகிறார்கள். இழையிலிருந்து பிறந்த அந்தச் சொல் மூலத்தின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அதுவே அழகு என்பது எங்கள் எண்ணம்.

உங்கள் தொழில் வழியாகவே இரண்டு திசுக்களைப் பிரித்துக் காட்டலாம். நாணில் இழைகள் எல்லாம் ஒரே திசையில், பாவு மட்டும் ஓடி ஊடை இல்லாதது போல. நீளவாக்கில் இழுத்தால் அசையாது, பக்கவாட்டில் நகத்தால் கீறினாலே இரண்டாகப் பிரியும். தோலின் உள்ளடுக்கில் அதே கொலாஜன் இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் பதனிட்ட தோல் எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்குகிறது. நூல் ஒன்றே, நெசவு வேறு.

கன்னத்தை ஒட்ட வைக்க ‘பிஷா கொழுப்பை’ எடுக்கும் அறுவை சிகிச்சை என்று விளம்பரம் பார்த்தேன். இது அந்த பிஷாவா? செய்துகொள்ளலாமா?
(வாசகி, சோழவந்தான்)

அவரேதான். கன்னத்தில் மெல்லும் தசைக்கும் கன்னத் தசைக்கும் நடுவே, தனி உறையோடு ஒரு கொழுப்புப் பொதி இருக்கிறது. 1732இல் ஹைஸ்டர் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் அதைச் சுரப்பி என்று நினைத்தார். அது வெறும் கொழுப்பு என்று தெளிவாகச் சொன்னவர் பிஷா. ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 மில்லி இருக்கும். உடல் இளைத்தாலும் இந்தப் பொதி அவ்வளவாகக் குறைவதில்லை.

அழகுக்காக எடுப்பதில் நாங்கள் எச்சரிக்கையையே சொல்வோம். முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகளும், காதுக்கு முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயும் இந்தப் பொதியை உரசிக்கொண்டு ஓடுகின்றன. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. 20 வயதில் ஒட்டிய கன்னம் 45இல் குழிவிழுந்து தெரியலாம்.

இதே கொழுப்புக்கு நல்ல பயன் ஒன்று உண்டு. உங்கள் ஊர் வெற்றிலைக்குப் பேர்போனது என்பதால் சொல்கிறோம்: வெற்றிலையைவிட அதோடு சேரும் பாக்கும் பான்மசாலாவும்தான் வாய் உட்சவ்வின் அடியில் நாரை வளர்த்து வாயைத் திறக்கவிடாமல் இறுக்குகின்றன. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடியவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். முற்றிய நிலையில் இறுகிய நாரை வெட்டிவிட்டு, அந்த இடத்தை மூடப் பக்கத்திலிருக்கும் பிஷா கொழுப்பையே இழுத்துவந்து தைக்கிறார்கள். இரத்த ஓட்டத்தோடு வருவதால் அது பிடித்துக்கொள்கிறது, சில வாரங்களில் மேலே புதுச் சவ்வு மூடுகிறது. இப்படி ஒரு வேலை இருக்கும்போது அதை அழகுக்காக எடுத்து வீசுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

மூளைச்சாவு என்ற கருத்தை பிஷா அன்றே சொல்லிவிட்டார் என்று ஒரு பேச்சாளர் சொன்னார். சரியா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், அலங்காநல்லூர்)

பாதி சரி. சாவு இதயம், நுரையீரல், மூளை என்ற மூன்று வாசல்களில் ஏதாவது ஒன்றில் தொடங்குகிறது, பிறகு மற்ற இரண்டையும் இழுத்துக்கொள்கிறது என்பது அவர் 1800ஆம் ஆண்டு நூலின் சாரம். அதைக் கணக்காகச் சோதித்தார். நாயின் மூச்சுக்குழாயில் திருகுக் குழாய் பொருத்தி, ஒரு தமனியையும் திறந்து வைத்தார். திருகை மூடினால் சுமார் அரை நிமிடத்தில் சிவந்த இரத்தம் கருக்கத் தொடங்கி, இரண்டு நிமிடத்துக்குள் சிரை இரத்தம் போலவே ஆனது. திறந்தால் மீண்டும் சிவந்தது. கொடிய சோதனை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மூச்சுத் திணறலில் இதயம் நிற்பது காற்றில்லாத இரத்தம் உள்ளே செல்வதால்தான் என்பதற்கு அது வலுவான சான்றாக அமைந்தது.

ஆனால் இன்றைய மூளைச்சாவு என்பது செயற்கைச் சுவாசக் கருவி வந்த பிறகே பிறக்கக்கூடிய நிலை: மூளை முழுதும் மீளாமல் நின்றிருக்க, கருவியால் மூச்சும் அதனால் இதயமும் ஓடுவது. பிஷாவின் காலத்தில் மூளை நின்றால் மூச்சு நிற்கும், மூச்சு நின்றால் இதயம் நிற்கும். இடையில் நிறுத்திப் பிடிக்க வழியே இல்லை. மூன்றையும் தனித்தனியாக எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என்று சொன்னால் பொருந்தும். ‘உயிர் என்பது சாவை எதிர்த்து நிற்கும் செயல்களின் தொகுப்பு’ என்ற அவரது புகழ்பெற்ற வாசகமும் அந்த நூலில் வருவதே. உயிர்ப்பொருளுக்கு வேதியியல் விதி பொருந்தாத தனிப் பண்புகள் உண்டு என்று நம்பினார். அது நிலைக்கவில்லை.

என் உடலை மாணவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறேன். மதுரையில் என்ன செய்ய வேண்டும்?
(வாசகர், அண்ணா நகர், மதுரை)

1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் நேரில் கேட்டு விண்ணப்பம் வாங்குங்கள். மனைவி, மக்கள் என நெருங்கிய உறவினர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் சம்மதம்தான் முக்கியம். நீங்கள் எழுதிக்கொடுத்திருந்தாலும், அந்த நேரத்தில் வீட்டார் மறுத்தால் உடல் கல்லூரிக்குப் போகாது. பெரும்பாலும் தடைபடுவது இங்கேதான். உள்ளூரில் இருக்கும் மகனிடம் மட்டும் சொல்லி, வெளியூர் மகளிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

இறந்ததும் மருத்துவரிடம் இறப்புச் சான்று வாங்கி, துறைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஆதார் நகலும் தயாராக இருக்கட்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. தொடை தமனி வழியாக ஃபார்மலின் கலந்த திரவம் ஏறத்தாழ 10 லிட்டர் ஏற்றுவார்கள். இரத்தக் குழாய்களில் உறைகட்டி அடைத்துவிட்டால், அழுகல் தொடங்கிவிட்டால், திரவம் விரல் நுனிவரை போகாது. போகாத பகுதி கெட்டுவிடும். உறவினர் வரக் காத்திருக்க வேண்டுமானால் உடலை உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். பந்தலில் வைத்துவிட்டு மாலையில் பெட்டி வரவழைப்பதில் பயனில்லை.

விபத்து, தற்கொலை போன்று பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், எச்ஐவி, மஞ்சள்காமாலை பி போன்ற தொற்று இருந்த உடலையும் ஏற்க மாட்டார்கள். கண்தானம் தடையில்லை, ஆனால் 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதனால் கண் வங்கிக்கு முதல் அழைப்பு, கல்லூரிக்கு அடுத்த அழைப்பு. இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். மின்விசைப் பலகைக்குப் பக்கம் நல்ல இடம்.